அந்துப்பூச்சியும் மனிதர் இட்ட பெயரும்

தானியம் உள்ள இடமெங்கும் அந்துப்பூச்சி உண்டு. நெல்லை வெயிலில் உலர்த்தி, வேப்பிலை இட்டுக் கொம்பறையில் காத்த எமது முன்னோர் அதனை நன்கு அறிவர். நொய்கெல்னில், நான்காம் மாடி வீட்டின் குசினி அலுமாரிக்குள் அரிசிப் பையை அடுக்கி வைத்திருக்கும் நாமும் அதனை அறிவோம். விளக்கைச் சுற்றும் சாம்பல் நிறச் சிறு பூச்சியைக் கையால் அடித்துவிட்டு, அரிசியைச் சுளகிலிட்டுப் புடைத்தெடுத்து, அத்துடன் அதனை மறந்தும் விடுகிறோம்.

ஆயினும் அந்தப் பூச்சிக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான பகுதி, நாம் அகதிகளாக வந்து சேர்ந்த இந்த பேர்லின் மாநகரிலேயே நிகழ்ந்தது. அதில் பசி உண்டு. பெரும் அறிவியற் கண்டுபிடிப்புகள் உண்டு. மனிதகுலம் என்றும் மறக்கலாகாத கொடுமை உண்டு. எம்மைப் போலவே நாட்டைவிட்டு ஓடவேண்டியிருந்த மனிதரும் உண்டு. எமது பிள்ளைகள் இந்நாட்டுப் பாடசாலைகளில் 1933 முதல் 1945 வரையான காலத்தைப் பாடமாகக் கற்கிறார்கள். அவர்களுடன் அமர்ந்து பேசும் பெற்றோருக்கும் இவ்வரலாறு பயன்படும் என நம்புகிறோம்.

யார் கொண்டு வந்தது?

மாடிப் படிகளில் அயலவர் பேசிக்கொள்ளும் ஒரு பேச்சை எம்மிற் பலர் கேட்டிருக்கிறோம். ஆசியர் குடிவந்த பின்னரே இவ்வீட்டில் பூச்சி வந்தது, அவர்களின் அரிசி மூட்டைகளோடுதான் வந்தது என்பதே அப்பேச்சு. இதற்கு விடை சொல்லவேண்டுமாயின், முதலில் எந்தப் பூச்சியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். தானியத்தை நாடும் அந்துப்பூச்சிகள் பல வகையின.

எமது ஊரின் நெல் அந்துப்பூச்சி வைக்கோல் நிறமுடையது. அதன் புழு நெல்மணியைத் துளைத்து உட்புகுந்து, அரிசியை உள்ளிருந்தே தின்று, வட்டமான துவாரம் ஒன்றின் வழியாகப் பூச்சியாக வெளியேறும். கதிர் வயலில் முற்றிவரும் காலத்திலேயே அது முட்டையிடத் தொடங்கிவிடும் என்பதால், களஞ்சியத்தை மட்டும் துப்புரவாக்கிப் பயனில்லை. இப்பூச்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஆசிய நாடு எதனையும் குறிப்பதன்று. பிரான்சின் அங்குமுவா என்ற மாகாணத்தையே குறிக்கிறது. அம்மாகாணத்தின் கோதுமையை இப்பூச்சி அழித்தபோது, 1760 இல் பிரெஞ்சு அறிவியற் கழகம் துய்யமெல், திய்யே என்ற இரு அறிஞர்களை அங்கு அனுப்பி ஆராயச் செய்தது. அவர்களது நூல் 1762 இல் வெளிவந்தது. தானியப் பூச்சி ஒன்றினைப் பற்றி அரசின் சார்பில் நடந்த முதற் பெரும் ஆய்வுகளுள் அதுவும் ஒன்று.

இங்குள்ள வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது இன்னொரு வகை. அதன் சிறகின் முற்பகுதி வெளிறியும், பிற்பகுதி செப்பு நிறமாகவும் இருக்கும். யேர்மனியர் அதனை உலர்பழ அந்து என்பர். ஆங்கிலேயர் அதனை இந்தியன் மீல் மொத் என்பர். இப்பெயரைக் கேட்போர் அது இந்தியாவிலிருந்து வந்தது என்றே எண்ணக்கூடும். உண்மை வேறு. அமெரிக்கப் பழங்குடியினரை ஐரோப்பியர் இந்தியர் என்று அழைத்ததும், அவர்கள் பயிரிட்ட சோளத்தின் மாவை இந்தியன் மீல் என்று அழைத்ததும் யாவரும் அறிந்ததே. அந்த மாவைத் தின்றதனால் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அறிஞர் ஆசா பிட்ச் இட்ட பெயர் அது. ஆகவே, எம்மவர் ஊரோடு அப்பெயருக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. ஒரு பெயர் எவ்வளவு எளிதில் குற்றச்சாட்டாக மாறிவிடும் என்பதற்கு இது சிறிய எடுத்துக்காட்டு.

மூன்றாவது வகையே இக்கட்டுரையின் பொருள். கோதுமை மாவைத் தின்னும் மா அந்துப்பூச்சி அது. யேர்மன் மொழியில் மேல்மொட்ட என்பர்.

ஆலைகளை நிறுத்திய புழு

இன்று கட்டடங்கள் நெருங்கி நிற்கும் நொய்கெல்ன் ஒரு காலத்தில் வயல்களும் காற்றாலைகளும் நிறைந்த ஊராக இருந்தது. அதன் பழைய பெயர் றிக்ஸ்டோர்வ். 1912 இல் நொய்கெல்ன் எனப் பெயர் மாறி, 1920 இல் பேர்லின் மாநகருடன் இணைந்தது. 1866 இல் கட்டிமுடிக்கப்பட்ட பிரிட்ஸ் காற்றாலையும், 1757 இல் பொட்ஸ்டாமில் கட்டப்பட்டுப் பின்னர் றிக்ஸ்டோர்வுக்கும் அங்கிருந்து பூக்கோவுக்கும் இடம்பெயர்க்கப்பட்ட யுங்பர்ன் காற்றாலையும் எமது மாவட்டத்தில் இன்றும் நிற்கின்றன. ஓர் ஆலைகூட இடம்பெயர்ந்தே இங்கு வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்றாலைகளின் இடத்தை நீராவியால் இயங்கும் பேராலைகள் பிடித்தன. அமெரிக்காவிலிருந்தும் உருசியாவிலிருந்தும் தானியம் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. குளிர்காலத்திலும் ஆலைக்குள் வெப்பம் குறையவில்லை. உணவும் வெப்பமும் ஒருங்கே கிடைத்த அவ்விடத்தில் ஒரு சிறு பூச்சி பெருகியது. காலே நகரின் விவசாயப் பேராசிரியர் யூலியுஸ் கூன் அதன் மாதிரிகளைப் பூச்சியியல் அறிஞர் பிலிப் செல்லரிடம் ஒப்படைத்தார். 1879 இல் செல்லர் அதற்கு எபெஸ்தியா கூனியெல்லா என்ற அறிவியற் பெயரை இட்டார். அதாவது, உலகம் முழுவதும் பரந்துள்ள இப்பூச்சி அறிவியல் ஏட்டில் முதன்முதலாகப் பதிவானது யேர்மனியிலிருந்தே.

இதன் தாய்ப்பூச்சி எதையும் உண்பதில்லை. இரண்டொரு கிழமையே வாழ்ந்து, நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு மடியும். தின்பது புழுவே. அது தின்பதைவிடப் பெருந்தொல்லை அது நூற்கும் நூலால் விளைகிறது. பட்டுப்புழுவைப் போல இதுவும் வாயிலிருந்து நூல் விடும். அந்நூலால் மா கட்டி கட்டியாகத் திரண்டு, ஆலையின் குழாய்களையும் அரிதட்டுகளையும் அடைத்துவிடும். இயந்திரத்தை நிறுத்தி, பிரித்து, துப்புரவு செய்த பின்னரே மீண்டும் அரைக்கலாம். ஒரு பேராலை நாட்கணக்கில் நின்றால் ஒரு நகரின் வெதுப்பகங்கள் திண்டாடும்.

1880களில் இப்பூச்சி இங்கிலாந்தில் காணப்பட்டது. 1889 இல் கனடாவில் காணப்பட்டது. அப்போது எழுந்தது பழைய கேள்வி: யார் கொண்டு வந்தது? அமெரிக்கத் தானியத்தோடு வந்தது என்று ஐரோப்பியர் கூறினர். ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று அமெரிக்கர் கூறினர். ஒவ்வொருவரும் மற்றவரை நோக்கி விரல் நீட்டினர். உண்மையில் அதனைக் கொண்டு திரிந்தது வணிகம். எந்த நாட்டுத் துறைமுகமும் தானியத்தை வாங்கும்போது அதனோடு வருவதையும் சேர்த்தே வாங்கியது.

பேர்லினரின் கண்டுபிடிப்பு

அக்காலத்தில் பேர்லினில் தானியப் பதப்படுத்தலுக்கென ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. அங்கு பணியாற்றிய உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் பேர்லினர். குடும்பப் பெயரே பேர்லினர் என்பதாகும். தூரிங்கன் மாநிலத்து ஆலை ஒன்றிலிருந்து அவருக்கு மா அந்துப்புழுக்கள் வந்தன. அவற்றுட் சில சோர்ந்து, தளர்ந்து, தொய்ந்து இறந்து கிடந்தன. அந்நோய்க்குக் காரணமான பக்டீரியாவை அவர் பிரித்தெடுத்து, 1911 இல் அதுபற்றி எழுதினார். 1915 இல் அதன் இயல்புகளை விரிவாக விவரித்து, அதற்கு பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பெயரை நிலைநாட்டினார். புழு வந்த மாநிலத்தின் பெயரே அதற்குப் பெயராயிற்று.

இதே பக்டீரியாவை யப்பானில் இஷிவாத்தா என்ற அறிஞர் 1901 இலேயே கண்டிருந்தார். ஆனால் அங்கு அது மடியச் செய்தது பட்டுப்புழுவை. பட்டுப்புழுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவே. யப்பானிய உழவருக்கு அந்நோய் பேரிழப்பு. யேர்மன் ஆலைக்காரருக்கோ அதே நோய் பெருந்துணை. பகை, நட்பு என்ற பெயர்கள் உயிரினத்தில் இல்லை. அதனால் ஆதாயமும் இழப்பும் காணும் மனிதரின் கணக்கில் உள்ளன.

இந்தப் பக்டீரியா எவ்வாறு தொழிற்படுகிறது என்பது 1950களில் தெளிவாயிற்று. அது தன்னுள் ஒரு புரதப் பளிங்கை உருவாக்குகிறது. புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கு அப்பளிங்கு கரைந்து, குடற்சுவரின் கலங்களில் துவாரமிடுகிறது. புழு உண்பதை நிறுத்தி இறந்துவிடுகிறது. மனிதரின் இரைப்பை அமிலத்தன்மை உடையது. அப்புரதம் பற்றிக்கொள்ளும் இடமும் மனிதக் குடலில் இல்லை. ஆகவே குறித்த வகைப் புழுவை மட்டும் தாக்கி, மற்றவரை விட்டுவிடும் மருந்தாக அது அமைந்தது. 1938 இல் பிரான்சில் இது விற்பனைக்கு வந்தபோது, மா அந்துப்பூச்சியே அதன் முதல் இலக்காக இருந்தது.

பசியும் நச்சுவாயுவும்

பேர்லினரின் கண்டுபிடிப்பு உடனே கைகொடுக்கவில்லை. அதற்கு முன்னரே போர் வந்துவிட்டது. 1914 இல் தொடங்கிய முதலாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை யேர்மனியின் கடல்வழிகளை அடைத்தது. 1915 இல் பேர்லினில் பாணுக்குப் பங்கீட்டு அட்டை வழங்கப்பட்டது. 1916 இல் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்தது. அவ்வாண்டின் குளிர்காலத்தை யேர்மனியர் இன்றும் டர்னிப் குளிர்காலம் என்பர். வழமையாக மாட்டுக்குப் போடும் கிழங்கை மனிதர் உண்ட காலம் அது. முற்றுகைக் காலப் பசியாலும், பசியோடு வந்த நோயாலும் இறந்த பொதுமக்கள் பல இலட்சம். பொருளாதாரத் தடையின் கீழ் அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற எமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

அந்தப் பசியின் நடுவே ஆலைகளிலும் களஞ்சியங்களிலும் மாவைப் புழு தின்றுகொண்டிருந்தது. அதனை ஒழிக்க முன்வந்தவர் பேர்லின் டாலெமில் இருந்த வேதியியல் நிறுவனத்தின் தலைவர் பிரிட்ஸ் ஹாபர். காற்றிலுள்ள நைதரசனிலிருந்து அமோனியா செய்யும் வழியைக் கண்டவர் அவர். உலகின் தானிய விளைச்சலைப் பன்மடங்கு பெருக்கிய செயற்கை உரம் அதிலிருந்து பிறந்தது. 1918ஆம் ஆண்டுக்கான நொபெல் பரிசும் அதற்காகவே அவருக்குக் கிடைத்தது. அதே மனிதரே 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் குளோரின் வாயுவை எதிரிப் படைமீது திறந்துவிடும் பணிக்கும் தலைமை தாங்கினார். மண்ணுக்கு உரம் தந்த அறிவே மனிதரின் மூச்சை அடைக்கவும் பயன்பட்டது.

1917 இல் ஹாபரின் முயற்சியால் பூச்சி ஒழிப்புக்கென ஒரு தொழில்நுட்பக் குழு அமைக்கப்பட்டது. ஐதரசன் சயனைட் என்னும் கடும் நஞ்சை மா ஆலைகளுக்குள் புகையாகச் செலுத்தி, புழுவையும் முட்டையையும் கொல்வது அதன் வேலை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோடைத் தோட்டங்களில் 1880களிலிருந்தே இம்முறை வழக்கில் இருந்தது. போர் முடிந்த பின் 1919 இல் டெகெஷ் என்ற நிறுவனம் இப்பணியைத் தொடர்ந்தது. 1922 இல் அந்நஞ்சை மண்போன்ற துகள்களில் உறிஞ்சவைத்து, தகரப் பேணியில் அடைத்து, எங்கும் எடுத்துச் செல்லும் வழி கண்டறியப்பட்டது. மனிதர் அறியாமல் மூச்சுடன் இழுத்துவிடக்கூடாதென்று, கண்ணை எரிக்கும் எச்சரிக்கைப் பொருள் ஒன்றும் அதனோடு கலக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் சிக்ளோன் பி.

அப்பெயரை வாசகர் அறிந்திருப்பர். ஆலைகளிலும் கப்பல்களிலும் பூச்சியைக் கொல்லவும், உடைகளில் பேனை ஒழிக்கவும் விற்கப்பட்ட அந்த நஞ்சு, 1941 செப்டெம்பரில் அவுஷ்விட்ஸ் முகாமில் சோவியத் போர்க்கைதிகளையும் நோயுற்ற போலந்துக் கைதிகளையும் கொல்லப் பயன்படுத்தப்பட்டது. அதன் பின் அங்கு நடந்தது உலகறிந்தது. அம்முகாமில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் யூதர். எச்சரிக்கைப் பொருள் கலவாத சிக்ளோனும் அங்கு அனுப்பப்பட்டது. எச்சரிக்க வேண்டிய மனிதர் எவரும் அங்கு இல்லை என்று அனுப்பியவர்கள் கருதினர் போலும். நஞ்சை விற்ற அம்பர்க் நிறுவனத்தின் உரிமையாளர் புருனோ டெஷ் ஒரு காலத்தில் ஹாபரின் நிறுவனத்தில் பணியாற்றியவர். பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்தது. 1946 இல் அது நிறைவேற்றப்பட்டது.

ஹாபர் இக்கொடுமையைக் காணவில்லை. அவரும் யூதக் குடும்பத்திற் பிறந்தவரே. 1933 ஏப்ரலில் யூதரை அரச பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. போர்ச் சேவையின் காரணமாக அவருக்கு விலக்கு இருந்தும், தனது நிறுவனத்தின் யூத ஊழியரை நீக்க மறுத்துப் பதவி துறந்தார். நாட்டை விட்டு வெளியேறி, 1934 சனவரியில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் இறந்தார். அவரது உறவினர் சிலர் பின்னர் நாசிகளின் முகாம்களில் மாண்டனர்.

சொல் முன்னே சென்றது

ஆலைப் புழுவுக்குச் செய்த நஞ்சு எவ்வாறு மனிதர்மேல் திரும்பியது? வேதியியலில் இதற்கு விடை இல்லை. பேணி தானாக நடந்து முகாமுக்குச் செல்லவில்லை. அதற்கு முன்னே ஒரு சொல் சென்றது.

பயிரையும் தானியத்தையும் கெடுக்கும் பூச்சியை யேர்மன் மொழியில் ஷேட்லிங் என்பர். கேடு செய்வது என்பது பொருள். மா அந்துப்பூச்சிக்கு இச்சொல் முற்றிலும் பொருந்தும். ஆனால் நாசிகளோ மக்கள் என்ற சொல்லை அதன் முன்னே ஒட்டி, மக்களுக்குக் கேடான பூச்சி என்று மனிதரை அழைத்தனர். 1939 செப்டெம்பர் 5 அன்று இப்பெயரிலேயே ஓர் அவசரச் சட்டம் வந்தது. சிறு குற்றத்துக்கும் மரணதண்டனை விதிக்க அது இடமளித்தது. யூதர் ஒழிப்பைப் பேன் ஒழிப்போடு ஒப்பிட்டு, 1943 இல் நாசித் தலைவர் ஹிம்லர் தன் படைத்தலைவர்களிடம் பேசினார். பூச்சி என்று பெயரிட்ட பின், பூச்சிக்கு உரிய மருந்தைத் தேடுவது அவர்களுக்கு இயல்பாகத் தோன்றியது.

இது யேர்மனியருக்கு மட்டும் உரிய நோயன்று. 1994 இல் ருவண்டாவில் வானொலி துற்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று நாள்தோறும் அழைத்தது, கொலைகள் தொடர்ந்தன. எமது நாட்டிலே பற தெமளா என்ற வசையைக் கேட்டு வளர்ந்தோம். 1983 யூலையில் அவ்வசை தீயாகவும் பொல்லாகவும் எமது வாசலுக்கு வந்தது. இந்நாட்டிலும், 1980களில் கிழக்கு பேர்லினின் சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகரத் தொடருந்தில் மேற்கு பேர்லினுக்கு வந்து தஞ்சம் கேட்டோரை வெள்ளம், பெருக்கு என்ற சொற்களாலேயே செய்தித்தாள்கள் குறித்தன. வெள்ளத்துக்கு முகமில்லை, அதற்கு அணை கட்டுவதே மிச்சம். 1992 இல் றொஸ்ரொக்கிலும் மேல்னிலும், 1993 இல் சோலிங்கனிலும் எரிந்தவை மனிதர் வாழ்ந்த வீடுகள்.

இங்கு நாம் எம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. எமது போராட்ட காலத்தில், எமது மொழியிலேயே, களையெடுப்பு என்ற சொல் வழங்கியது. வயலிற் புல்லைப் பிடுங்கும் உழவரின் சொல் அது. அச்சொல்லை எடுத்து, கருத்தால் வேறுபட்ட தமிழரைத் தமிழரே கொன்றதற்குப் பெயராக இட்டோம். அச்சொல்லைக் கேட்டபோது எம்மிற் பெரும்பாலோர் திடுக்கிடவில்லை. இறந்தவர்களுக்குத் தாயும் பிள்ளையும் இருந்தனர். களைக்கு அவர்கள் இல்லை. பிறர் எம்மீது வீசிய சொல்லைக் கண்டிக்கும் உரிமை எமக்கு முழுமையாக வேண்டுமாயின், நாம் வீசிய சொல்லையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

நாட்டைவிட்டுச் சென்ற ஆய்வாளர்

மா அந்துப்பூச்சியின் வரலாற்றில் இன்னொரு பேர்லின் மனிதரும் உண்டு. 1909 இல் இந்நகரிற் பிறந்த ஏர்ன்ஸ்ட் காஸ்பாரி, கேட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அல்பிரெட் கூன் என்ற பேராசிரியரிடம் பயின்றார். பூச்சிக்குத் தன் பெயரைத் தந்த யூலியுஸ் கூன் வேறு, இவர் வேறு. ஆலைக்காரர் வெறுத்த பூச்சியை இவர்கள் ஆய்வுகூடத்தில் போற்றி வளர்த்தனர். வழமையாகக் கரிய கண்ணுடைய இப்பூச்சியில், சிவந்த கண்ணுடைய ஒரு வகையும் தோன்றியது. கரிய கண்ணுடைய வகையின் உறுப்பு ஒன்றைச் சிவந்த கண்ணுடைய வகையின் புழுவில் ஒட்டியபோது, அப்புழு வளர்ந்து பூச்சியானபின் அதன் கண்ணும் கறுத்தது. பரம்பரை அலகு ஒன்று உடலிற் பரவும் ஒரு பொருளின் வழியே செயற்படுகிறது என்பதை 1933 இல் காஸ்பாரி இவ்வாறு காட்டினார். பரம்பரை அலகுகள் உடலில் எவ்வாறு வேலை செய்கின்றன என்ற பிற்கால அறிவியலுக்கு இட்ட முதற் கற்களுள் இதுவும் ஒன்று.

அதே 1933 இல்தான் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். காஸ்பாரி யூதர் என்பதால் அவருக்கு யேர்மனியில் எதிர்காலம் இல்லாது போயிற்று. 1935 இல் துருக்கியின் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்; 1938 இல் அமெரிக்கா சென்று அங்கு புகழ்பெற்ற பேராசிரியரானார். அவரது தந்தை வில்கெல்ம் காஸ்பாரி புற்றுநோய் ஆராய்ந்த மருத்துவ அறிஞர். அவரை 1941 இல் பிராங்பர்ட்டிலிருந்து போலந்தின் லோட்ஸ் நகரில் அமைத்த யூதர் அடைப்புக்குள் நாடுகடத்தினர். 1944 இல் அங்கேயே அவர் இறந்தார். மகன் பாதுகாப்பான நாட்டில், பெற்றோர் முள்வேலிக்குள். இத்துயரை எமது குடும்பங்களும் அறியும்.

லோட்ஸ் என்ற அப்பெயர் எம்மை மீண்டும் நொய்கெல்னுக்கே கொண்டுவருகிறது. எம்மவர் நாளாந்தம் நடந்து செல்லும் சொனன்அலே வீதியில், காசுப்பதிவு இயந்திரம் செய்த தொழிற்சாலை ஒன்று போரின்போது ஆயுத உற்பத்திக்குத் திருப்பப்பட்டது. 1944 இல் அங்கு சாக்சன்கௌசன் முகாமின் கிளை ஒன்று அமைக்கப்பட்டது. லோட்சிலிருந்து அவுஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு வேலைக்கெனப் பிரித்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 500 யூதப் பெண்கள் அங்கு அடிமைகளாக உழைத்தனர். அவுஷ்விட்சில் வேலைக்குத் தகுதியற்றோர் எனக் கழிக்கப்பட்டவர்கள் ஆலைப் புழுவுக்கென ஆக்கிய அந்த நஞ்சினால் இறந்தனர். அப்பெண்களின் நினைவாக, வழிப்போக்கர் கடந்து செல்லும்போது எழுத்துகள் ஒளியாக விழும் நினைவிடம் ஒன்றை நோர்பேர்ட் ராடர்மாகர் என்ற கலைஞர் 1994 இல் அவ்விடத்தில் அமைத்தார்.

பூச்சியைப் பூச்சியாக

பேர்லினர் கண்ட பக்டீரியா இன்று உலகெங்கும் பயன்படுகிறது. காய்கறித் தோட்டங்களிலும் காடுகளிலும் புழுக்களுக்கு எதிராகத் தெளிக்கிறார்கள். அதன் இன்னொரு வகையை நுளம்புக் குடம்பிகளை அழிக்க இடுகிறார்கள். 1996 முதல் அதன் பரம்பரை அலகைச் சோளப் பயிருக்குள்ளேயே புகுத்தி அமெரிக்காவில் பயிரிடுகிறார்கள். அத்தகைய சோளத்தை யேர்மனி 2009 இல் தடைசெய்தது. இதுபற்றிய விவாதம் உலகெங்கும் தொடர்கிறது. 2016 இல் ஆபிரிக்காவிலும் 2018 இல் இந்தியாவிலும் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அதே 2018 இன் இறுதியில் இலங்கைச் சோளச் செய்கையைத் தாக்கியது. சேனா படைப்புழு என எமது ஊரவர் அஞ்சும் அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவே. அதனைக் கட்டுப்படுத்தும் வழிகளுள் இந்தப் பக்டீரியாவும் ஒன்று.

மா அந்துப்பூச்சியையே உழவருக்குத் துணையாக்கவும் மனிதர் கற்றுக்கொண்டனர். திரைக்கோகிரம்மா என்ற மிகச் சிறு குளவி, அந்துப்பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கும். அக்குளவிகளை ஆயிரக்கணக்கில் வளர்ப்பதற்கு ஐரோப்பாவில் மா அந்துப்பூச்சியின் முட்டைகளையும், இந்தியாவில் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளையும் உணவாகக் கொடுக்கிறார்கள். அக்குளவி முட்டைகள் ஒட்டிய சிறு அட்டைகள் இங்கு வீட்டுப் பாவனைக்கும் விற்பனையாகின்றன. மனிதருக்கோ சமைத்த உணவுக்கோ அவற்றால் தீங்கில்லை.

குசினியில் அந்துப்பூச்சியைக் கண்டால் வெட்கப்படவும் வேண்டாம். நஞ்சு தெளிக்கவும் வேண்டாம். புழு கண்ட பொதியை மூடிக்கட்டி வெளியே எறிய வேண்டும். புதிதாக வாங்கும் அரிசியையும் மாவையும் ஒரு கிழமை உறைகுளிர்ப் பெட்டியில் வைத்தால் முட்டைகள் மடியும். பின்னர் இறுக மூடும் கண்ணாடிப் போத்தல்களிலோ தகரங்களிலோ இட்டு வைத்தல் நன்று. அலுமாரியின் மூலைகளையும் ஆணித் துவாரங்களையும் துடைக்க வேண்டும். கூட்டுப்புழு அங்குதான் ஒளிந்திருக்கும். அயலவர் யார் கொண்டு வந்தது என்று கேட்டால், இது யேர்மன் ஆலைகளில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக வாழும் பூச்சி என்று அமைதியாகச் சொல்லலாம். அவர்களின் ஓட்ஸ் பொதியிலிருந்தும் வந்திருக்கலாம். எமது அரிசிப் பையிலிருந்தும் வந்திருக்கலாம். அதனால் எவர் பெருமையும் குறையாது.

தானியத்தைக் காப்பது வேண்டியதே. பசித்த மக்களின் மாவைப் புழுவிடமிருந்து மீட்க முனைந்ததில் குற்றமில்லை. புழுவுக்கு இட்ட பெயரை மனிதருக்கு இட்ட நாளிலேயே குற்றம் தொடங்கியது. அந்தப் பெயரிடல் முகாமில் தொடங்கவில்லை. தெருவிலும் செய்தித்தாளிலும் வீட்டுப் பேச்சிலும் தொடங்கியது. எமது பிள்ளைகள் யாரையேனும், எந்த இனத்தவரையேனும், பூச்சி என்றோ களை என்றோ சொல்லக் கேட்டால், அந்த இடத்திலேயே அவர்களை நிறுத்தித் திருத்துவது எமது கடமை. ஒரு மாலைப் பொழுதில் அவர்களைச் சொனன்அலே நினைவிடத்துக்கு அழைத்துச் சென்று, அங்கு உழைத்த பெண்கள் யார் என்பதையும், அவர்களை அவ்விடத்துக்குக் கொண்டுவந்த சொல் எது என்பதையும் எடுத்துச் சொல்வோமாக.